பொலன்னறுவையில் ஒரு பெரட்டு

ஊர் சுற்றிப் பார்ப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய், பார்க்க வேண்டியதைக் காட்டி, போனவர்களைச் சண்டையில்லாமல் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிறானே, அவன்தான் ஆள். அப்படிப்பட்ட ஆள் இந்த மலைநாட்டில் என்னை விட்டால் கிடையாது. இன்றைக்கு அட்டனிலும் நுவரெலியாவிலும் என் பெயர் எழுதிய பஸ்களில் ஏறித்தான் சனங்கள் இலங்கையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். (எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் என் பெயரை மட்டும் எவ்வளவு தூரத்தில் இருந்தும் படித்துவிடுவேன்.)

இந்தத் தொழிலை நான் தொடங்கியது ஒரு சித்திரை வருஷப் பிறப்பு லீவில். அந்த முதல் பயணத்தைப் பற்றி என் வீட்டில் ஒரு கதை உலவுகிறது. நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் அதை எடுப்பார்கள். எனக்குப் புரை ஏறும் வரை விடமாட்டார்கள். போன வாரம் இளைய மகளின் மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதைச் சொல்லிவிட்டதால், நடந்ததை நானே எழுதிவிடுவது என்று பேனாவைப் பிடித்துவிட்டேன். பிடித்த காரியத்தை விட்ட பழக்கம் எனக்கு இல்லை.

டயகமவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பிராவில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. லொறியில் கிளீனராகத் தொற்றி, டிரைவராகி, மீசை கறுக்கும் முன்பே ஒரு கிழட்டு லொறிக்குச் சொந்தக்காரனும் ஆகிவிட்டேன். நுவரெலியாவில் கோவா, லீக்ஸ் என்று காய்கறி ஏற்றிக் கண்டிச் சந்தையில் இறக்குவது என் தொழில். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, சட்டைப்பையில் சீப்பு, தலையில் அரைப்போத்தல் எண்ணெய். அந்தக் கோலத்தில் நான் தோட்டத்துக்குள் லொறியை விட்டுக்கொண்டு வந்தால் கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். (லொறிச் சத்தத்துக்குத்தான் பார்த்தார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.)

திரும்பிப் பார்க்காதவள் ஒருத்திதான். செல்லம். முத்தையா கங்காணியின் மகள். கங்காணி என்றால் தோட்டத்தில் ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். அவர் தலைப்பாகையைப் பார்த்தாலே நாய்கூடப் பாதை மாறும். செல்லத்துக்கு இரண்டு பக்கம் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் கணக்கப்பிள்ளையின் மகன், பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன், கண்ணாடி போட்டவன். கங்காணிக்குக் கண்ணாடி மேல் மரியாதை.

"லொறிக்காரன் பேச்சும் லொறி மாதிரிதான் தம்பி. சத்தந்தான் பெருசு," என்றார் என்னிடம்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஒரு வைராக்கியம் எழுந்தது.

"மாமா, இந்த வருஷப் பொறப்பு லீவுக்கு உங்க ஆளுங்களை எல்லாம் லொறியில ஏத்திக்கிட்டுப் போறேன். கண்டி, தம்புள்ள, பொலன்னறுவ, சிகிரியா, அனுராதபுரம். ராசாமாருங்க ஆண்ட எடம் அம்புட்டும் காட்டுறேன். நீங்க ஒரு துரும்பைத் தூக்க வேணாம். ராசா மாதிரி உக்காந்து வந்தாப் போதும்."

"இன்னும் மாமா ஆகல. கங்காணின்னே கூப்புடு," என்றார் அவர். பிறகு தாடையைத் தடவினார். பிறந்ததிலிருந்து மழையிலும் பனியிலும் மலை ஏறி இறங்கிய மனிதர், கண்டிக்கு அப்பால் போனதில்லை. "சரி. எங்களை மரியாதையாக் கொண்டுபோய்க் கொண்டாந்துட்டீன்னா பொண்ணைப் பத்திப் பேசுவோம். இல்லாட்டி, திரும்பி வந்த அன்னிக்கே கணக்கப்பிள்ளை வூட்டுக்கு வெத்தலை போயிரும்."

அவ்வளவுதான். என் வாழ்க்கை அந்த லொறியில் ஏறிவிட்டது.

லொறியைக் கழுவினேன். பலகைகளைக் குறுக்கே போட்டு, மேலே வெயிலுக்குப் படங்குத் துணி கட்டினேன். எவ்வளவு கழுவியும் லீக்ஸ் வாடை போகவில்லை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். அதன்பிறகு, சாமி கும்பிட்ட லீக்ஸ் மாதிரி மணத்தது.

ஒரு சின்னக் குறை இருந்தது. நானும் கண்டிச் சந்தைக்கு அப்பால் போனதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. 'தெரியாது' என்ற சொல் அந்த வயதில் என் வாய்க்குள் நுழைந்ததே கிடையாது.

இறம்பொடை வளைவுகளில் இறங்கிக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைக் கும்பிட்டுவிட்டு வாவிக் கரையில் நின்றபோது, கங்காணியின் மனைவி பேச்சியம்மா, "தம்பி, இம்மாம்பெரிய குளத்தை எதுக்கு வெட்டுனாங்க?" என்று கேட்டார்.

"ராணி துணி தொவைக்கிறதுக்கு," என்றேன் தயங்காமல்.

"ஒத்தைப் பொம்பளைக்கு எம்புட்டுத் துணி இருந்திருக்கும்!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். செல்லம் என்னை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டியிலேயே ஒரு தலைவலியும் வந்தது. புறப்படும் நேரத்தில் பேச்சியம்மாவைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் சந்தையில் ஒரு வளையல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கொண்டுவந்தோம். அப்போதே ஒரு சட்டம் போட்டேன். இனி எங்கே இறங்கினாலும் முதலில் பெரட்டு. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. எங்கள் சனங்களுக்கு அது தாய்ப்பால் மாதிரி. நான் ஸ்பானரை எடுத்து லொறித் தகட்டில் நாலு தட்டுத் தட்டினால் போதும், தானாக வரிசை பிடித்துவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மாத்தளை மாரியம்மன் கோவிலில் தங்கி, மறுநாள் தம்புள்ளைக் குகைகளைப் பார்த்தோம். ஏற்றம் எங்களுக்கு ஒரு பொருட்டில்லை. வெயில்தான் ஆளைக் கொன்றது. டயகமக் குளிருக்குப் பிறந்த உடம்புகள். போதாததற்கு எல்லோரும் கம்பளியைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். ("ராவைக்குக் குளிரும், கொண்டு வாங்க" என்று சொன்னது நான்தான். எந்த ஊரில் குளிரும் என்று நான் சொல்லவில்லை.)

அடுத்த நாள் காலையில் பொலன்னறுவை. பாழடைந்த அரண்மனை, தூண்கள், சுற்றிலும் புல்லுக்காடு. புல்லைக் கண்டதும் எங்கள் கூட்டத்துக்கு ஒரே எண்ணம்தான் வந்தது. அட்டை. எங்கள் ஊரில் புல் இருந்தால் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை இருக்கும், அதில் மறுபேச்சே கிடையாது. அந்தக் காய்ந்த பூமியில் அட்டை தண்ணீர் கேட்டுச் செத்துப்போகும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"எல்லாரும் நல்ல துணியை அவுத்து வச்சிட்டு வேலைக்குப் போற மாதிரி கட்டிக்குங்க!" என்று கட்டளை போட்டேன்.

பெண்கள் பழைய சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, லொறியில் கிடந்த சாக்கை இடுப்பில் கட்டி, தலையில் துணியைப் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் அரைக்காற்சட்டையும் சாக்கும். நான் ஸ்பானரால் தகட்டைத் தட்டினேன். வரிசை நின்றது. நான் பெயர் கூப்பிடக் கூப்பிட, "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல் வந்தது.

அப்போதுதான் அந்த ஓவர்சியர் மாத்தயா சைக்கிளில் வந்து இறங்கினார். இடிபாடுகளைத் துப்புரவு செய்விக்கும் பொறுப்பு அவருடையது. வெள்ளைக் காற்சட்டை, தொப்பி. தொப்பியைக் கண்டதும் எங்கள் ஆண்கள் எல்லோரும் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். தோட்டத்தில் துரைக்குச் செய்கிற மரியாதை. கை தானாகச் செய்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்துபோனது. என்னிடம் வந்து சிங்களத்தில் மடமடவென்று பேசினார்.

இந்த இடத்தில் என் சிங்களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவா என்ன விலை, லீக்ஸ் அழுகல், தராசு சரியில்லை. இந்த எல்லைக்குள் என்னை எந்தச் சிங்களவரும் ஜெயிக்க முடியாது. அதற்கு வெளியே போனால் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டது புரிந்தது. டயகம என்றேன். யார் தலைவர் என்று கேட்டதும் புரிந்தது. நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கையை அங்கும் இங்கும் நீட்டி ஏதேதோ சொன்னார், குளம் என்றார், கேள்வி கேட்பது போல நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் எல்லாம் நான், "ஹரி மாத்தயா, ஹரி," என்றேன். சரி ஐயா, சரி என்று அர்த்தம். பக்கத்தில் கங்காணி நின்றுகொண்டு நான் சிங்களம் பேசும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'புரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? நமக்கு இடத்தைச் சுற்றிக் காட்டப் போகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

சுற்றித்தான் காட்டினார். கல்லால் கட்டிய ஒரு அழகான குளத்துக்குக் கூட்டிப் போனார். ராஜாக்கள் குளித்த குளமாம். புல்லும் செடியும் மண்டி, பாதிப் படி மண்ணுக்குள் கிடந்தது. பிறகு காவலாளியைக் கூப்பிட்டு ஒரு கொட்டிலைத் திறக்கச் சொன்னார். உள்ளேயிருந்து மம்பட்டிகள் வந்தன. புல் செதுக்கும் சுரண்டிகள் வந்தன. கூடைகள் வந்தன. எல்லாவற்றையும் எங்கள் ஆட்களின் கையில் கொடுத்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"என்னப்பா இது?" என்றார் கங்காணி.

என் மூளை பயந்தால்தான் நன்றாக வேலை செய்யும். "இங்க இதான் மாமா வழக்கம். ராசா குளிச்ச எடம் இல்லையா? பாக்க வர்றவங்க மொதல்ல கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டுத்தான் பாக்கணும். நம்ம கோயில்ல புல்லுச் செதுக்குறோம்ல, அது மாதிரி. பெரிய புண்ணியம்."

"அப்புடியா!" என்றார் பேச்சியம்மா. கையில் இருந்த கூடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம குடுப்பினை. எல்லாருக்கும் கெடைக்குமா?"

சொல்லிக்கொண்டே, கொழுந்துக் கூடையை மாட்டுவது போலக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிவிட்டார். மற்றப் பெண்களும் மாட்டினார்கள். கங்காணி மட்டும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் எதிரில் ஆட்கள் கோணல்மாணலாகப் புல் செதுக்குவதை எவ்வளவு நேரம்தான் அந்த மனிதரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"டேய், நெரை புடிச்சுச் செதுக்குங்கடா! ராசா குளம்டா, ஒங்க வூட்டுப் பின்பக்கமா? ஏய் பொன்னம்மா, வேரோட புடுங்கு!"

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பயணம் புறப்பட்டதிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். செல்லம் ஒரு மம்பட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். இருந்ததிலேயே கனமான மம்பட்டி.

"உங்களுக்குப் புண்ணியம் வேணாமா?"

"நான் லொறியைப் பாக்கணும்."

"லொறி எங்கயும் போகாது. எம்புட்டு நேரத்துக்குப் பண்ணணும் இந்தப் புண்ணியம்? அதையும் கேட்டீங்களா அவருக்கிட்ட?"

"கேட்டேன் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஹரின்னாரு," என்றேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் மம்பட்டியைத் தூக்கினேன். ஸ்டியரிங் பிடித்து மென்மையாகிப் போன கை. கொஞ்ச நேரத்தில் கொப்புளம் எழும்பிவிட்டது. ஆனாலும் விடவில்லை. எடுத்த காரியம் புண்ணியமாகவே இருந்தாலும் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

வெயில் உச்சிக்கு வரும்போது குளம் பளபளவென்று வெளியே வந்துவிட்டது. படிகளில் செதுக்கிய தாமரைகள் தெரிந்தன. காவலாளி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தான். பேச்சியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம எடுக்கிற கொழுந்தெல்லாம் எங்கதான் போகுதோ. நிச்சயமா இதுக்குள்ள வரல."

அந்தச் சிரிப்பு அடங்கும் முன் ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்தும் ஒரு கூட்டம் இறங்கியது. இடுப்பில் சாக்கு, தலையில் துணி. பார்த்தால் எங்களையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. அவர்களுடைய கங்காணி குளத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"எந்தத் தோட்டத்து ஆளுங்கய்யா நீங்க? எங்க வேலைய எவன்யா உங்களுக்குக் குடுத்தான்?"

"வேலையா?" என்றார் எங்கள் கங்காணி. "இது புண்ணியம்யா."

"என்னது புண்ணியம்! வருஷப் பொறப்புக்கு ஊர்ச் சனம் வேலைக்கு வராதுன்னு, இந்த வேலையக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் எங்களை மலையில இருந்து கூப்புட்டு அனுப்பியிருக்காரு. வழியில லொறி ஒடஞ்சுபோச்சு. அதுக்குள்ள பூந்துட்டீங்களே!"

சத்தம் கேட்டு ஓவர்சியர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். நான் மெல்ல என் லொறிப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் செல்லம் நேராக அவரிடம் போய்ச் சிங்களத்தில் பேசத் தொடங்கிவிட்டாள். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து வளர்ந்தவள். தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசினாள். அவர் என்னைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னார். அவள் திரும்பி வந்து எல்லோர் நடுவிலும் நின்றாள்.

"மாத்தயா காலையில என்னென்ன கேட்டாருன்னு சொல்லவா? கொந்தராத்துக்காரர் அனுப்புன ஆளுங்க நீங்கதானான்னு கேட்டாராம். இவரு ஹரின்னாராம். குளம் முடிஞ்சதும் அரமனைப் பக்கமும் செதுக்குவீங்களான்னு கேட்டாராம். ஹரின்னாராம். லொறிக்கு அடியிலயே படுத்துக்குவீங்களான்னு கேட்டாராம். அதுக்கும் ஹரின்னாராம்."

ஆண்கள் என் பக்கம் திரும்பினார்கள். அவள் முடிக்கவில்லை.

"பொம்பளையாளுக்கு அரைக் கூலிதான்னு சொன்னாராம். அதுக்கு ரெண்டு தடவை ஹரின்னாராம்."

அதுவரை பொறுத்திருந்த பெண்கள் அங்கேதான் பொங்கினார்கள். "அரைக் கூலிக்கா தலையாட்டுன?" என்று பேச்சியம்மா கூடையை என் மேல் எறிந்தார். வேலை வாங்கியதைக்கூட மன்னித்துவிட்டார்கள், அரைக் கூலியை மன்னிக்கவில்லை.

கங்காணி என் முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பொறந்ததுல இருந்து தெனமும் பெரட்டுல நின்னவன்டா நான். இந்த லீவுலயாச்சும் நிக்க வேணாமேன்னுதான் ஒன் லொறியில ஏறுனேன். இங்கயும் கொண்டாந்து நிறுத்திட்டியே." துண்டை உதறித் தோளில் போட்டார். "வண்டியை எடு. கணக்கப்பிள்ளை வூட்டுக்குச் சொல்லணும்."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. (வெயில் என்று அப்போது சொன்னேன்.) இருந்தாலும் நான் நகரவில்லை. "நான் காட்டுறேன்னு சொன்னதை இன்னும் காட்டல. காட்டாம வண்டி எடுக்க மாட்டேன் மாமா," என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. லொறிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் ஓவர்சியர் கூலி கொடுப்பதற்குப் பையை எடுத்துவிட்டார். கங்காணி அதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"செல்லம், மாத்தயாக்கிட்ட சொல்லு. நாங்க கூலிக்கு வந்த ஆளுங்க இல்ல. ஊர் பாக்க வந்தவங்க. குளம் இப்புடிக் கெடக்குதேன்னு மனசு கேக்கல, செஞ்சு குடுத்தோம். எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

செல்லம் சொன்னாள். ஓவர்சியர் பையை மூடினார். கொஞ்ச நேரம் குளத்தையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். காவலாளியிடம் ஏதோ சொன்னார். அவன் ஓடிப்போய்த் தன் கொட்டிலில் இருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கங்காணிக்கு முன்னால் வைத்தான்.

கங்காணி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கருக்கு முன்னால்கூட நின்றே பழகியவர் அவர். காற்சட்டை போட்ட ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அவர் உட்கார்ந்ததை எங்களில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. விளிம்பில்தான் உட்கார்ந்தார். தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார்.

அன்று மாலை வரை ஓவர்சியரே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலன்னறுவை முழுக்கக் காட்டினார். கல்லில் சயனித்திருக்கும் புத்தரின் முன்னால் பேச்சியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவன் கோவில் இருக்கிறது என்று சொன்னதும் பெண்கள் ஓடினார்கள். எல்லாவற்றையும் செல்லம்தான் தமிழில் சொன்னாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் அந்த இரண்டாவது லொறி ஆட்களும் வந்தார்கள். வேலை முடிந்துவிட்டதே, அவர்களும் என்ன செய்வார்கள்? எங்கள் வியர்வையில் அவர்கள் ஊர் பார்த்தார்கள்.

அனுராதபுரம் தவறிவிட்டது. சிகிரியாவை விடவில்லை. இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு லொறி ஓட்டிப் போய், எல்லோரையும் உச்சி வரை ஏற்றி இறக்கினேன்.

திரும்பும்போது இறம்பொடை ஏற்றத்தில் லொறி முனகிக்கொண்டு ஊர்ந்தது. முன் சீட்டில் கங்காணி. 

"என்னை நாற்காலியில உக்கார வச்சது நீ இல்ல," என்றார் திடீரென்று.

"இல்ல கங்காணி," என்றேன்.

"ஆனா நீ பண்ணுன கூத்து இல்லாட்டி அந்த நாற்காலி வந்திருக்காது." ஒரு வளைவு தாண்டியது. "பொண்ணைத் தர்றேன். அவளும் சரிங்கிறா, ஏன்னுதான் தெரியல. ஒரு கண்டிசன். வெளியாளு எவன் என்ன கேட்டாலும், அவளைக் கேக்காம ஹரி சொல்லப்படாது."

"சரிங்க கங்காணி."

"மாமான்னு கூப்புடு," என்றார்.

அந்தக் கண்டிசனை நான் இன்று வரை காப்பாற்றி வருகிறேன். என் கம்பெனியில் யார் வந்து எந்தப் பயணம் பேசினாலும் செல்லத்திடம்தான் பேச வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவுவேன். இது எங்கள் நிர்வாக முறை. பிள்ளைகள் வேறு மாதிரி சொல்வார்கள். கோவில் வேலை, வீட்டு வேலை, தேங்காய் துருவுவது, எது என் தலையில் விழுந்தாலும், "அப்பா, வேலை இல்லப்பா, புண்ணியம்" என்பார்கள். பேரப்பிள்ளைகள் துடைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, "தாத்தா, புண்ணியம்!" என்று ஓடுகிறார்கள். அவர்களில் ஒன்றுகூட அந்தக் குளத்தின் தாமரைப் படியைத் தன் கையால் வெளியே எடுத்ததில்லை. நான் எடுத்தவன். அதை யாரும் சொல்வதில்லை.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் செல்லம் வாசலில் வந்து நிற்கிறாள்.

"எழுதுனது போதும்ங்க. பின்பக்கம் புல்லு மொழங்கால் அளவுக்கு வளந்து கெடக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள கொஞ்சம் புண்ணியம் தேடிக்கிறீங்களா?"

ஹரி என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.